அத்தியாயம் 7: புது டீசல் எஞ்சினைப் பழக்குதலும் பழுது கண்டறிதலும்

விமான மாதிரிகளில் பொருத்தும் 0.75 சிசி முதல் 2.5 சிசி வரையிலான டீசல் எஞ்சின்களுக்காக இந்த அத்தியாயம். கள்ளக்குறிச்சியின் சமவெளியிலும் கல்வராயன் மலையின் மேலும் இவற்றை ஓட்டப்போகும் மாணவர்களையும் ஆசிரியர்களையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. பெட்டியிலிருந்து எடுத்த எஞ்சினை அன்றைக்கே விமானத்தில் மாட்டிப் பறக்கவிடாதீர்கள். முதல் ஒரு மணி நேர ஓட்டத்தை நீங்கள் நடத்தும் விதம்தான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. அந்த ஒரு மணி நேரத்துக்கு உரிய பொறுமையைக் கொடுத்தால், எஞ்சின் உங்களுக்குப் பின் வரும் மாணவர்களுக்கும் உழைக்கும்.

இந்த எஞ்சின்கள் வந்த வழி

இங்கிலாந்தின் வோக்கிங் ஊரில் இயங்கிய மில்ஸ் பிரதர்ஸ் நிறுவனம் 1946இல் 1.3 சிசி டீசல் எஞ்சினை வெளியிட்டது. எளிய அமைப்பு, சொன்னபடி கேட்கும் குணம் ஆகியவற்றால் அந்த வடிவம் உலகம் முழுவதும் பரவியது. கல்கத்தாவின் ஆரோரா நிறுவனம், மில்ஸ் வடிவத்தை ஒட்டிய எஞ்சின்களை இந்தியாவிலேயே செய்தது. 1950 ஏப்ரல் 1 அன்று தொடங்கப்பட்ட என்.சி.சி. விமானப் பிரிவின் பயிற்சியில் விமான மாதிரி கட்டுவதும் பறக்கவிடுவதும் இடம்பெற்றிருக்கின்றன. எனவே பழைய டீசல் எஞ்சின் ஒன்று ஏதாவதொரு பள்ளியின் அலமாரியிலிருந்து உங்கள் கைக்கு வந்தால் வியப்படைய வேண்டாம். அதற்கும் இங்கே சொல்லும் முறைகள் பொருந்தும்.

இவற்றுக்கு ஸ்பார்க் பிளக் வேண்டாம், பேட்டரி வேண்டாம். கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ பிளக் ஒன்று கருகிவிட்டால் மாற்றுப் பிளக் வாங்கக் கடை கிடையாது. எரிபொருள், ஒரு ஸ்பேனர், உங்கள் விரல் ஆகிய மூன்றோடு கிளம்பும் எஞ்சின் நம் மலைக்குப் பொருத்தமானது.

இரண்டு திருகுகள்

கிணற்று மேட்டில் ஓடும் பம்ப்செட் டீசல் எஞ்சினில், அழுத்தப்பட்டுச் சூடான காற்றுக்குள் இன்ஜெக்டர் டீசலைப் பீய்ச்சுகிறது. எப்போது பீய்ச்சுகிறதோ அப்போதுதான் தீப்பிடிக்கும். நம் சின்ன எஞ்சினில் இன்ஜெக்டர் இல்லை. காற்றும் எரிபொருளும் கலந்தே உள்ளே நுழைகின்றன; பிஸ்டன் அந்தக் கலவையை அழுத்த அழுத்தச் சூடேறி, ஈதர் தீப்பிடிக்கிறது. எவ்வளவு அழுத்தம் என்பதைப் பொறுத்தே தீப்பிடிக்கும் நேரமும் அமைகிறது.

அந்த அழுத்தத்தை மாற்றத் தலைப்பகுதியில் ஒரு திருகு உண்டு. அதன் கீழே, சிலிண்டரின் உச்சியில், எதிர் பிஸ்டன் ஒன்று இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். திருகை வலப்பக்கம் சுற்றினால் எதிர் பிஸ்டன் இறங்கும், கம்ப்ரஷன் கூடும், தீ முன்னதாகப் பிடிக்கும். இடப்பக்கம் சுற்றித் தளர்த்தினால், எஞ்சின் எரியும்போது உண்டாகும் அழுத்தம் எதிர் பிஸ்டனை மேலே தள்ளும், கம்ப்ரஷன் குறையும்.

இரண்டாவது திருகு நீடில் வால்வு. வலப்பக்கம் சுற்றினால் எரிபொருள் குறையும், இடப்பக்கம் சுற்றினால் கூடும். எரிபொருள் அதிகமான கலவையை 'ரிச்' என்றும், குறைவானதை 'லீன்' என்றும் மெக்கானிக்குகள் சொல்வார்கள். இங்கும் அப்படியே சொல்வோம்.

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு விதியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்: ஒரு நேரத்தில் ஒரு திருகை மட்டும் தொடுங்கள். கம்ப்ரஷன் என்றால் எட்டில் ஒரு சுற்று, நீடில் என்றால் கால் சுற்று. மாற்றியபின் எஞ்சின் என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். இரண்டையும் ஒரே மூச்சில் மாற்றினால் எந்த மாற்றம் எதைச் செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

எரிபொருள்

பெயர் டீசல் என்றாலும் பங்க்கில் விற்கும் டீசல் இதற்குத் தேவையில்லை. பழக்கும் காலத்தில் ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றையும் சம அளவில் கலக்கவும். பழகிய பின் ஈதர் 30 முதல் 35 பங்கு, விளக்கெண்ணெய் 20 முதல் 25 பங்கு, மீதி மண்ணெண்ணெய் என மாற்றிக்கொள்ளலாம். மில்ஸ் போன்ற பழைய வடிவங்களுக்கு விளக்கெண்ணெயை 25 பங்குக்குக் குறைக்காதீர்கள். இவற்றுக்குத் தீப்பிடிப்பைத் தூண்டும் நைட்ரேட் சேர்மானங்களும் தேவையில்லை.

*விளக்கெண்ணெய்.* ஆமணக்கு நமக்கு அந்நியமான பயிரல்ல. மலைக்கு அந்தப் பக்கம், சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்தே ஓர் ஆராய்ச்சி நிலையம் நடத்துகிறது. ஆனால் மளிகைக் கடையில் 'தீப எண்ணெய்' என்று விற்கும் கலப்பு எண்ணெயை வாங்கிவிடாதீர்கள். அதில் வேறு எண்ணெய்கள் கலந்திருக்கும். மருந்துத் தரமுள்ள, சுத்திகரித்த விளக்கெண்ணெய்தான் வேண்டும். செக்கில் ஆட்டிய எண்ணெயில் கசடும் ஈரமும் தங்கியிருக்கும். மிகுந்த சூட்டிலும் உலோகத்தை விட்டு விலகாமல் பூச்சாக நிற்பது விளக்கெண்ணெயின் சிறப்பு. இந்த எஞ்சினின் உயிரே அதில்தான் இருக்கிறது.

*மண்ணெண்ணெய்.* ரேஷனில் வரும் நீல மண்ணெண்ணெய் சமையலுக்கும் விளக்குக்கும் என்று தரப்படுவது. அதைத் தொடாதீர்கள். நிறமில்லாத மண்ணெண்ணெயை வெளிச்சந்தையில் வாங்கி, மெல்லிய துணியில் வடிகட்டிப் பயன்படுத்துங்கள்.

*ஈதர்.* ஆய்வகங்களில் பயன்படும் டை எத்தில் ஈதர்தான் வேண்டும். 'பெட்ரோலியம் ஈதர்' என்று பெயரிட்ட பொருள் வேறு. அதை ஊற்றினால் எஞ்சின் கிளம்பாது. ஈதரைப் பள்ளி, கல்லூரி அல்லது பயிற்சிப் பிரிவின் பெயரில், எழுத்து மூலம், ஆய்வக வேதிப்பொருள் விற்பனையாளரிடம் ஆசிரியரே வாங்க வேண்டும். மாணவர் தனியாக வாங்கவும் வைத்திருக்கவும் கூடாது.

ஈதர் 34.6 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். சித்திரை, வைகாசியில் கள்ளக்குறிச்சியின் மதிய நிழலே அந்தச் சூட்டைத் தாண்டும். திறந்த பாட்டிலில் ஈதர் நம் கண்முன் ஆவியாகிப் போகும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து தொலைவிலுள்ள அடுப்பையோ பீடி நெருப்பையோ எட்டிப் பற்றிக்கொள்ளும். அதிகம் முகர்ந்தால் மயக்கம் வரும். ஆகவே விடியற்காலையில், திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில், ஒரு நாளுக்கு வேண்டிய 100 அல்லது 200 மில்லி மட்டும் கலக்குங்கள்.

கலக்கும் வரிசை: முதலில் விளக்கெண்ணெய், அதன்மேல் மண்ணெண்ணெய், கடைசியில் ஈதர். முதல் இரண்டும் தாமாகச் சரியாகக் கலக்காது; ஈதர் சேர்ந்து குலுக்கியதும் தெளிவாகும். கலவை கலங்கலாகவோ இரண்டு அடுக்காகவோ பிரிந்து நின்றால், ஈதர் பறந்துவிட்டது அல்லது ஈரம் சேர்ந்துவிட்டது என்று பொருள். அதைப் பயன்படுத்தாதீர்கள்.

பாட்டில் கருநிறக் கண்ணாடியாகவோ உலோகமாகவோ இருக்கட்டும். வெளிச்சமும் காற்றும் பட்டு நாள்பட்ட ஈதரில் வெடிக்கக்கூடிய பெராக்சைடு உருவாகும். பழைய ஈதரைக் காய்ச்சவோ வற்றவைக்கவோ கூடாது. பாட்டிலின்மேல் என்ன கலவை, எந்தத் தேதி, 'விஷம், தீப்பற்றும்' என்று பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். குளிர்பான பாட்டிலில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. விமான மாதிரிகளின் க்ளோ பிளக் எஞ்சின்களுக்கு எரிபொருளாவது அதே மெத்தனால்தான். இந்த ஊரில் வேதிப்பொருளைக் கையாளும் யாருக்கும், பெயர் எழுதிப் பூட்டி வைப்பது முதல் கடமை.

ஓட்டும் மேடையும் பாதுகாப்பும்

தேக்கு அல்லது வேங்கை மரத்தில் இரண்டு சட்டங்களை, எஞ்சினின் உடல் இடையில் இறங்கும் அளவு இடைவெளி விட்டு, கனமான பலகையில் பொருத்துங்கள். எஞ்சினின் காதுகளை நான்கு போல்ட்டுகளால், வாஷரும் இரட்டை நட்டும் போட்டு இறுக்குங்கள். மேடையை அசையாத மேசையிலோ தரையில் புதைத்த கட்டையிலோ கட்டுங்கள். மேடை ஆடினால் எரிபொருளில் நுரை வரும், ஓட்டம் தடுமாறும், போல்ட்டும் தளரும்.

டாங்கை எஞ்சினுக்கு அருகில், அதன் நடுமட்டம் நீடில் மட்டத்துக்குச் சற்றே கீழே இருக்குமாறு வையுங்கள். மேலே வைத்தால் எரிபொருள் தானாக வழிந்து எஞ்சினை நிரப்பிவிடும். சிலிகான் குழாய் இந்த எரிபொருளில் ஊதிப் பெருத்துவிடும். நியோப்ரீன் குழாய் பயன்படுத்துங்கள்.

1.5 சிசிக்கு 8×4 அங்குல விசிறி, 2.5 சிசிக்கு 9×5 அல்லது 9×6 போதும். விசிறியைச் சமநிலை பார்த்து, கனமான பக்கத்தின் முதுகைத் தேய்த்துச் சரிசெய்யுங்கள். விரிசல் விட்ட விசிறியை ஒட்டிப் பயன்படுத்தாதீர்கள், முறித்துப் போடுங்கள். கம்ப்ரஷன் பிஸ்டனை மேலே தடுத்து நிறுத்தும் நிலையில், விசிறி கடிகாரத்தின் 2 மணி, 8 மணி வாக்கில் நிற்குமாறு பொருத்தினால் சுண்டுவது எளிது.

விரலுக்குத் தடித்த தோல் கையுறை அணியுங்கள். அல்லது ரப்பர் குழாய் போர்த்திய குச்சியால் சுண்டுங்கள். கண்ணாடி அணியுங்கள். துப்பட்டா, தொங்கும் அடையாள அட்டை, தளர்ந்த சட்டைக் கை எதுவும் விசிறிக்கு அருகே வேண்டாம். எஞ்சின் கிளம்பியதும் பின்பக்கம் போய்விடுங்கள். திருகுகளைப் பின்னாலிருந்தே சரிசெய்யுங்கள். விசிறி சுழலும் தளத்தின் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. அருகில் ஒரு வாளி மணலும் ஈரச் சாக்கும் தயாராக இருக்கட்டும்.

இடத் தேர்விலும் கவனம் வேண்டும். கரும்புத் தோட்டத்தில் காய்ந்த சோகை கிடக்கும் பக்கம் வேண்டாம். காப்புக்காட்டுக்குள் ஈதரைக் கொண்டுபோகவே கூடாது. மாசி முதல் வைகாசி வரை மலையில் ஒரு பொறி போதும். பள்ளி மைதானம்தான் சரியான இடம். கம்பி கட்டி வட்டமாகப் பறக்கவிடும் மாதிரியென்றால், மின்கம்பி எதுவும் அருகில் இல்லாத மைதானமாக இருக்க வேண்டும்.

முதல் கிளப்பல்

1. புது எஞ்சினை வெறுமையாகச் சுற்றாதீர்கள். புகைபோக்கித் துளை வழியே சில சொட்டு எரிபொருளோ எண்ணெயோ விட்டு, விசிறியை மெல்லச் சுற்றிப் பாருங்கள். உச்சியில் பிஸ்டன் சற்று இறுகுவது புது எஞ்சினுக்கு இயல்பு. உலோகம் உலோகத்தில் இடிப்பதுபோல் 'டக்' என்று நின்றால், பிஸ்டன் எதிர் பிஸ்டனைத் தொடுகிறது; கம்ப்ரஷனைத் தளர்த்துங்கள்.

2. கையேட்டில் சொன்ன அளவு நீடிலைத் திறங்கள். கையேடு இல்லையென்றால் 3 சுற்றில் தொடங்கலாம்.

3. காற்று நுழையும் வாயை விரலால் மூடி, எரிபொருள் குழாயில் ஏறி நீடிலை எட்டும்வரை விசிறியை இரண்டு மூன்று முறை சுற்றுங்கள். பிறகு புகைபோக்கித் துளையில் இரண்டு சொட்டு விடுங்கள்.

4. முன்பக்கமிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாக விசிறியைச் சட்டென்று சுண்டுங்கள். வேகம்தான் முக்கியம், மெதுவாகத் தள்ளினால் அழுத்தச் சூடு கசிந்துபோகும்.

5. பத்துச் சுண்டலில் ஓசையே இல்லையென்றால் கம்ப்ரஷனை எட்டில் ஒரு சுற்று கூட்டுங்கள். மீண்டும் சுண்டுங்கள். 'டப்' என்று ஒருமுறை வெடித்தால் நெருங்கிவிட்டீர்கள்.

6. விசிறி திடீரென அசையாமல் இறுகினால் உடனே கையை எடுங்கள். சிலிண்டருக்குள் திரவம் நிறைந்திருக்கிறது. திரவத்தை அழுத்த முடியாது. பலவந்தமாகச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும். கம்ப்ரஷனை ஒரு சுற்று தளர்த்தி, மேடையோடு கவிழ்த்து வடியவிட்டு, மெதுவாகச் சுற்றி வெளியேற்றுங்கள்.

7. கிளம்பிச் சூடேறியதும் கம்ப்ரஷனைச் சற்றுக் குறைக்க வேண்டியிருக்கும். குளிர்ந்த எஞ்சினுக்கு வேண்டிய அழுத்தம் சூடான எஞ்சினுக்கு அதிகம்.

நிறுத்த, எரிபொருள் குழாயைப் பின்பக்கமிருந்து கிள்ளுங்கள். விசிறியில் துணி எறிந்து நிறுத்தும் பழக்கம் வேண்டாம்.

பழக்கும் அட்டவணை

வார்ப்பிரும்பு பிஸ்டனும் எஃகு லைனரும் தொழிற்சாலையில் மிக நெருக்கமாகத் தேய்க்கப்பட்டவை. சூடாகி விரிந்து, ஆறிச் சுருங்கி, மீண்டும் விரிந்து, அப்படித்தான் ஒன்றுக்கொன்று இடம் கொடுத்து அமைகின்றன. ஓடும் நேரத்துக்குள்ள மதிப்பு ஆறும் நேரத்துக்கும் உண்டு. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பின் தலைப்பகுதியைக் கையால் தயங்காமல் பிடிக்கும் அளவு ஆறவிடுங்கள். மலையில் பத்து நிமிடம் ஆகும். கோடையில் சமவெளியில் அதைவிடக் கூடுதலாகும்.

*முதல் கட்டம்.* நல்ல ரிச், குறைந்த கம்ப்ரஷன். ஒரு நிமிட ஓட்டம், ஐந்தாறு முறை. ஓட்டம் கரகரவென்று தடுமாறலாம். புகைபோக்கியில் எண்ணெய் தெறிக்கும். பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள். எண்ணெய் கருத்தும் சாம்பல் நிறமாகவும் வருவது இரும்பு தேய்வதன் அடையாளம்.

*இரண்டாம் கட்டம்.* இரண்டு நிமிட ஓட்டங்கள். அரை நிமிடத்துக்கு ஒருமுறை நீடிலை மூடி ஐந்து விநாடி லீனாக்கி, வேகம் ஏறியதும் திரும்ப ரிச்சாக்குங்கள்.

*மூன்றாம் கட்டம்.* மூன்று நிமிட ஓட்டங்கள். லீன் நேரத்தை 10, 20, 30 விநாடி என்று கூட்டுங்கள். இப்போதுதான் கம்ப்ரஷனைத் துல்லியமாகச் சரிபார்க்க வேண்டும்.

*நான்காம் கட்டம்.* சரியான லீனில் முழு வேகத்தில் ஒரு நிமிடம் ஓட்டுங்கள். வேகம் இறங்காமல் நின்றால் பழக்கம் முடிந்தது. தாளில் படும் எண்ணெயும் இப்போது வெளிறித் தெளிந்திருக்கும். வேகம் ஏறி, சில விநாடியில் தானே தளர்ந்து இறங்கினால், இன்னும் இறுக்கம் இருக்கிறது. மூன்றாம் கட்டத்துக்குத் திரும்புங்கள்.

மொத்த ஓட்டம் பெரும்பாலும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் முடியும். நாள் கணக்குப் பார்த்து அவசரப்படாதீர்கள்.

ஒரு விலக்கு: சில புதிய எஞ்சின்களில் அலுமினியப் பிஸ்டனும் குரோம் பூசிய லைனரும் இருக்கும். குளிர்ந்த நிலையில் உச்சியில் இறுகியே இருப்பதுதான் அவற்றின் அமைப்பு. சூடேறினால்தான் சரியான இடைவெளி கிடைக்கும். அவற்றை நீண்ட நேரம் ரிச்சில் குளிர்ச்சியாக ஓட்டுவது தீங்கு. அவற்றுக்குக் கையேட்டை மட்டுமே பின்பற்றுங்கள்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: தேதி, இடம், வெயிலா பனியா, எரிபொருள் கலவை, விசிறி, நீடில் எத்தனை சுற்று, கம்ப்ரஷன் கம்பி எந்த மணி நிலையில், எவ்வளவு நேரம், எண்ணெயின் நிறம்.

சமவெளியிலிருந்து மலைக்கு

கல்வராயன் மலையின் பெரும்பகுதி 2,000 முதல் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. கச்சிராயபாளையத்தையும் கோமுகி அணையையும் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும்போது காற்றழுத்தம் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறத்தாழ 1 சதவீதம் குறைகிறது. 3,000 அடியில் அது பத்து சதவீதத்தை நெருங்கும். மேலே காற்று குளிர்ச்சியாக இருப்பதால் அடர்த்தி அந்த அளவு குறைவதில்லை. ஆனாலும் எஞ்சினுக்கு வித்தியாசம் தெரியும்.

காற்று குறைந்தால் பழைய நீடில் அளவு ரிச்சாகிவிடும். நீடிலைச் சற்று மூடுங்கள். குறைந்த அழுத்தத்தில், குளிர்ந்து உள்ளே நுழையும் காற்று, அழுத்தியபின் முன்புபோல் சூடாகாது. கம்ப்ரஷனைச் சற்றுக் கூட்டுங்கள். முதலில் நீடில், கேட்டுப் பார்த்தபின் கம்ப்ரஷன். சக்தியும் கொஞ்சம் குறையும். விமானம் மந்தமாக ஏறினால் பிட்ச் (விசிறி அளவின் இரண்டாம் எண்) குறைந்த விசிறிக்கு மாறுங்கள்.

இறங்கும்போது இது தலைகீழ். இதை மறந்தால்தான் எஞ்சினுக்கு ஆபத்து. மலையில் கூட்டிய கம்ப்ரஷனோடு சமவெளி வெயிலில் கிளப்பினால் தீ முன்னதாகவே பிடித்து, பிஸ்டன் மேலேறும்போதே அடி வாங்கும். ஆகவே மலையிலிருந்து கிளம்புமுன் கம்ப்ரஷனைக் கால் சுற்று தளர்த்திவிட்டே பெட்டியில் வையுங்கள்.

மார்கழிப் பனியில் மலையில் கிளம்ப மறுத்தால், எஞ்சினை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கி, புதிய கலவையில் இரண்டு சொட்டு விட்டுச் சுண்டுங்கள். நெருப்பில் காட்டாதீர்கள். கோடையில் சமவெளியில் பத்து நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு குழாயில் குமிழியோடு நின்றால், குழாய்க்குள்ளேயே ஈதர் கொதிக்கிறது. டாங்குக்கு நிழல் கொடுங்கள். காலை எட்டு மணிக்குள் வேலையை முடியுங்கள்.

பழுது கண்டறிதல்

*சுண்டினால் ஓசையே இல்லை.* முதலில் எரிபொருளைச் சந்தேகியுங்கள், ஈதர் பறந்திருக்கலாம். புதிதாகக் கலந்த பாட்டிலிலிருந்து இரண்டு சொட்டு விட்டுச் சுண்டுங்கள். அதற்கும் ஓசை இல்லையென்றால் கம்ப்ரஷனைப் படிப்படியாகக் கூட்டுங்கள்.

*சில விநாடி ஓடி நிற்கிறது.* நீங்கள் விட்ட சொட்டுகள் மட்டும் எரிந்திருக்கின்றன. டாங்கிலிருந்து எரிபொருள் வரவில்லை. நீடில் துளையில் தூசு, குழாயில் கிழிசல், டாங்க் மிகத் தாழ்வு ஆகியவற்றை இந்த வரிசையில் பாருங்கள். நீடிலை முழுக்கக் கழற்றி, சிரிஞ்சால் மண்ணெண்ணெய் பீய்ச்சிக் கழுவுங்கள். துளைக்குள் ஊசி விட்டுக் குடையாதீர்கள்.

*உறுமிக்கொண்டு வேகம் இறங்குகிறது, உடல் கொதிக்கிறது.* கம்ப்ரஷன் அதிகம். உடனே குறையுங்கள். பிஸ்டனும் கனெக்டிங் ராடும் கெடுவது பெரும்பாலும் இந்த நிலையில்தான்.

*விட்டுவிட்டு வெடிக்கிறது, புகை தள்ளுகிறது, சூடு இல்லை.* கம்ப்ரஷன் குறைவு. எட்டில் ஒரு சுற்று கூட்டுங்கள். தடுமாற்றம் மறையும் புள்ளியோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் கூட்ட வேண்டாம்.

*கனத்த ஓட்டம், எண்ணெய் மிகுதியாகத் தெறிக்கிறது.* கலவை ரிச். நீடிலை மூடுங்கள்.

*வேகம் கிறீச்சென்று ஏறிச் சட்டென்று நிற்கிறது.* கலவை லீன். நீடிலைத் திறங்கள். விமானத்தில் மட்டும் இப்படி நடந்தால், டாங்க் குழாயின் முனை எரிபொருள் சேரும் மூலையை எட்டுகிறதா என்று பாருங்கள்.

*தலைகீழாகச் சுழல்கிறது.* மில்ஸ் வடிவ எஞ்சின்கள் இரு திசையிலும் ஓடும். குழாயைக் கிள்ளி நிறுத்துங்கள். விசிறி நட்டு தளர்ந்திருக்கும். இறுக்கியபின் மீண்டும் சுண்டுங்கள். அடிக்கடி நேர்ந்தால், கிளப்பும்போது கம்ப்ரஷனையும் சொட்டுகளையும் குறையுங்கள்.

*கம்ப்ரஷன் திருகைத் தளர்த்தியும் மாற்றம் இல்லை.* எதிர் பிஸ்டன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. திருகைச் சற்றுத் தளர்த்திய நிலையில் சூடாக ஓடவிட்டால் பெரும்பாலும் தானே மேலேறும்.

*ஓடும்போது அமைப்பு தானாக மாறுகிறது.* திருகு அதிர்வில் சுற்றுகிறது, அல்லது எதிர் பிஸ்டன் தளர்ந்துவிட்டது. பூட்டு நட்டு இருந்தால் இறுக்குங்கள். தலைப்பகுதியின் ஓரத்தில் எண்ணெய்க் குமிழி தெரிந்தால் எதிர் பிஸ்டன் கசிகிறது. அது நிபுணர் வேலை.

*மண்ணில் விழுந்த எஞ்சின்.* சுற்றிப் பார்க்கவே கூடாது. நம் செம்மண்ணின் ஒரு துகள் உள்ளே போய் ஒரு சுற்று சுற்றினாலும் லைனரில் கோடு விழும். காற்று வாய், புகைபோக்கி ஆகிய இரு துளைகளையும் அடைத்து, வெளிப்புறத்தைத் தூரிகையால் துடைத்து, பிறகு துளைகள் வழியே மண்ணெண்ணெய் ஊற்றி, மண் வராத வரை கழுவி, அதன்பின் சுற்றுங்கள்.

*அலமாரியிலிருந்து எடுத்த எஞ்சின் அசைய மறுக்கிறது.* பெரும்பாலும் விளக்கெண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். குறடால் திருகாதீர்கள். ஒரு நாள் தின்னரில் ஊறவைத்து, உலர்த்தி, தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடாக்கி, எண்ணெய் விட்டு மெல்ல அசையுங்கள். தின்னர் முழுதும் காயாமல் சூடு காட்டாதீர்கள்.

வேலை முடிந்தபின்

குழாயைக் கழற்றி, உள்ளிருக்கும் எரிபொருள் தீரும்வரை ஓடவிடுங்கள். ஆறியதும் வெளியே துடைத்து, இரு துளைகளிலும் இரண்டு சொட்டு மெல்லிய இயந்திர எண்ணெய் விட்டுச் சுற்றுங்கள். விளக்கெண்ணெயை உள்ளேயே காயவிடுவதால்தான் பிசின் பிடிக்கிறது. கம்ப்ரஷனைக் கால் சுற்று தளர்த்தி, துணியில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். மழைக்காலத்தில் மலையில் ஈரம் அதிகம். மாதம் ஒருமுறை எடுத்து எண்ணெய் விடுங்கள்.

பட்டறைக்கு எதைக் கொடுக்கலாம்

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் லேத் பட்டறைகளில் விசிறி நட்டு, வாஷர், மேடைத் தகடு, கம்ப்ரஷன் திருகின் கம்பி, டாங்க் ஆகியவற்றைத் தயக்கமின்றிச் செய்துகொள்ளலாம். நீடிலின் மரையைத் தட்டிச் சரிசெய்யவும் அங்கே கைத்திறன் உண்டு. ஆனால் பிஸ்டனையும் லைனரையும் யார் கையிலும் பாலிஷ் செய்யக் கொடுக்காதீர்கள். அவற்றுக்கிடையே உள்ள இடைவெளி கண்ணுக்கோ வெர்னியருக்கோ எட்டாதது. எமரித் தாள் ஒருமுறை பட்டாலே கம்ப்ரஷன் போய்விடும். ஓடும் எஞ்சினைக் காரணமின்றிப் பிரிக்கவும் வேண்டாம். சேர்ந்து பழகிய பாகங்கள் பிரித்து மாட்டும்போது இடம் மாறி உட்காரும். பழக்கத்தை மீண்டும் தொடங்க வேண்டிவரும்.

எஞ்சினை அடுத்த ஆண்டு மாணவர்களிடம் ஒப்படைக்கும்போது நோட்டையும் டப்பாவிலேயே வைத்துக் கொடுங்கள். சமவெளியில் நீடில் எத்தனை சுற்று, வெள்ளிமலையில் எத்தனை, எந்த விசிறியில் எவ்வளவு வேகம் என்று அந்த ஒரு எஞ்சினைப் பற்றி எந்தக் கையேட்டிலும் இல்லாத விவரம் அதில் இருக்கிறது. அவர்களுக்குக் கிளப்புவது பத்து நிமிட வேலையாக முடியும். மீதி நேரத்தைப் பறக்கவிடக் கற்றுக்கொள்வதில் செலவிடலாம்.